கதவுக்கு வெளியே கிடந்த குட்டிச் செருப்புகள்

போன வருடம் விஜயதசமியை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோர்கள் சேர்ந்து, ஒரு பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு மதியங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வார நாட்களில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஞாயிறு வந்தால் அதையே சம்பளமில்லாமல் செய்கிறேன். ஆறேழு வயதுக் குழந்தைகள் படிக்கும் முதல் நிலைக்கு நான்தான் டீச்சர். என் மகளும் அதே வகுப்பில்தான் இருந்தாள்.

என் வகுப்புக்கு மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். மேஜை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜமக்காளம் விரிப்பேன். ஷூ, செருப்பு எல்லாம் கதவுக்கு வெளியே, சுவரோரமாக வரிசையாக இருக்க வேண்டும். புத்தகம் இருக்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு வரக் கூடாது என்பது எனக்குள் ஊறிப்போன விஷயம். அந்த வரிசையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பீற்றிக்கொண்டதும் உண்டு. மற்ற டீச்சர்கள் என்னை ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமியின் அப்பா இலங்கைத் தமிழர், ஆஸ்பத்திரியில் டாக்டர். எனக்கும் அவருக்கும் பேச்சு அதிகம் கிடையாது. பிள்ளையைக் கூட்டிப்போக எப்போதும் தாமதமாகத்தான் வருவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், அவர் தன் ஊர் உச்சரிப்பில் “சொறி” என்று மன்னிப்புக் கேட்பார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அன்று குழந்தைகளுக்கு ஜூஸ் கொண்டு வருவது அவர் முறை. சரி, இன்றைக்கு ஜூஸ் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டுகளில் பச்சரிசியைப் பரப்பி, ஒவ்வொரு குழந்தையின் விரலையும் பிடித்து ‘அ’ எழுத வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் வகுப்புகளை ஒருங்கிணைக்கும் நண்பர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர். அன்று முகம் வெளிறியிருந்தது.

“லாக்டவுன். கதவைப் பூட்டிடுங்க. போலீஸ் சொல்றாங்க, பக்கத்துல யாரோ துப்பாக்கியோட ஓடிட்டிருக்கானாம். இது ட்ரில் இல்ல.”

சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைப் பூட்டுங்கள் என்றால் எப்படிப் பூட்டுவது? உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. சாவி யாரிடம் இருக்கிறது என்றும் தெரியாது.

எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இந்த லாக்டவுன் ஒத்திகை அடிக்கடி நடக்கும். துப்பாக்கியோடு ஒருவன் வந்துவிட்டால் எப்படி ஒளிவது என்று நண்டும் சிண்டுமாக இருக்கும் குழந்தைகளுக்குப் பழக்குகிறார்கள். சாயங்காலம் என் மகள் வந்து, “டுடே வீ ஹேட் அ லாக்டவுன் ட்ரில்” என்று சொல்ல ஆரம்பிப்பாள். நான் உடனே, “லஞ்ச் பாக்ஸ் எங்கே?” என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதைக் கேட்டால் அடுத்த நாள் அவளை பஸ் ஏற்றிவிட எனக்குத் தைரியம் வராது.

அந்த மகள்தான் அப்போது எழுந்து கதவுப் பக்கம் போனாள். கதவு நிலையில் கறுப்பாக ஒரு காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். கதவு படாரென்று அடிக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அதைப் பிடுங்கிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழாமல் தடுத்துக்கொண்டிருந்ததே அந்தப் பட்டைதான்; டக்கென்று பூட்டிக்கொண்டது. இன்னொரு பையன் விளக்கை அணைத்தான். வேறொருத்தி நாற்காலியில் ஏறி, கதவிலிருந்த சின்னக் கண்ணாடிமேல் திரையை இறக்கினாள். கதவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை எது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. சத்தமில்லாமல் போய் அங்கே சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார்கள். நான் மட்டும் அரிசித் தட்டோடு நடுவில் நின்றுகொண்டு, “பேசாதீங்க, யாரும் பேசாதீங்க” என்று பேசிக்கொண்டே இருந்தேன். என் மகள் உதட்டில் விரல் வைத்து என்னைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தேன்.

ஞாயிறுதோறும் சத்தம் போட்டு என்னிடம் திட்டு வாங்கும் பிள்ளைகள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு நன்றாக ஒளியத் தெரிந்திருக்கிறதே என்று அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் மகள் என் துப்பட்டாவை இழுத்தாள்.

“ஆன்ட்டி,” என்று கிசுகிசுத்தாள். “எங்கட ஷூஸ்.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கதவைத் திரும்பிப் பார்த்தேன். விளக்கை அணைத்து, திரையை இறக்கி, அறையில் ஆளே இல்லாத மாதிரி செய்துவிட்டோம். கதவுக்கு வெளியே குட்டிக் குட்டிச் செருப்புகள், அழகாக, நேர்வரிசையில். இந்த நீளத் தாழ்வாரத்தில் எந்த அறைக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று யாரும் தேடவே வேண்டாம். நானே போர்டு மாட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் பள்ளியில் யாரும் ஷூவைக் கழற்றுவதில்லை, அதனால் எந்த ஒத்திகையிலும் இதைச் சொல்லித் தரவில்லை. எங்கே என்ன தப்பாகலாம் என்று யோசித்து வேலையில் எத்தனையோ டெஸ்ட் கேஸ் எழுதியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

கதவைத் திறந்து, இரண்டு கையாலும் வாரி உள்ளே போட்டுவிடலாம் என்று எழுந்தேன். என் மகள் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நோ, அம்மா. யூ காண்ட் ஓப்பன் இட். நாட் ஃபார் எனிபடி.”

பூட்டிய கதவை யாருக்காகவும் திறக்கக் கூடாது, போலீஸ் வந்து சாவி போட்டுத் திறக்கும்வரை. அதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் சொல்வது சரி. செருப்பை அப்படியே விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் கதவருகே போனேன். கைப்பிடியில் கை வைத்தேன்.

அப்போது வெளியே சத்தம் கேட்டது. காலடிச் சத்தம், கூடவே கரகரவென்று எதையோ தரையில் இழுத்து வரும் சத்தம். எங்கள் கதவுக்கு நேராக வந்து நின்றது.

மூச்சு விடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் நிழல் ஆடியது. பிறகு சிவப்பாக ஏதோ மின்னி அணைந்தது, மறுபடி மின்னியது. மூலையிலிருந்து என் மகள் “மை ஷூ” என்று வாயசைத்தாள். அவள் ஷூவை யாராவது அசைத்தால் அதில் விளக்கு எரியும். வெளியே யாரோ குனிந்து எங்கள் பிள்ளைகளின் செருப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். கதவு உடைந்தால் முதலில் நான்தான் குறுக்கே நிற்க வேண்டும் என்று மட்டும் நினைவிருந்தது. கைக்கு எட்டியது ஒரு அரிசித் தட்டுதான். கைப்பிடி அசையவில்லை. யாரும் தட்டவில்லை. கரகரச் சத்தம் நகர்ந்தது. எங்கேயோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பிறகு ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. ஒரு பையன் தட்டிலிருந்த அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். வித்தை எல்லாம் வயிற்றுக்குள் போகிறது என்று அந்த நேரத்திலும் தோன்றியது. டாக்டரின் மகள் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் ஒருவரும் எங்கள் நண்பரும் நின்றார்கள்.

“எல்லாம் சரியாயிடுச்சு. ஆளைப் பிடிச்சுட்டாங்க. இந்தப் பக்கமே வரலையாம், மெயின் ரோடுக்கு அந்தாண்ட வச்சே பிடிச்சுட்டாங்க.”

கதவைப் பிடித்துக்கொண்டேன். வெளியே எட்டிப் பார்த்தால் தாழ்வாரம் சுத்தமாகக் காலி. ஒரு செருப்பு இல்லை.

எதிரே, பேப்பரும் பெயின்டும் அடுக்கி வைக்கும் ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பின்னால் சக்கரம் வைத்த ஐஸ் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார், கரகரவென்று. அவர் மகள் “அப்பா” என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவளை அணைத்தபடி, மறு கையால் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஜூஸ் பாக்கெட்டுகள், ஐஸ் கட்டிகள், அவற்றுக்கு நடுவே எங்கள் வகுப்பின் அத்தனை செருப்புகளும். என் மகளின் ஷூ அங்கேயும் மின்னிக்கொண்டிருந்தது.

அவர் அன்று அதிசயமாகச் சீக்கிரம் வந்திருக்கிறார். வாசலிலேயே நண்பர் அவரை உள்ளே இழுத்து, ஏதாவது அறைக்குள் போங்கள் என்று சொல்லிவிட்டு, வெளிக்கதவைப் பூட்டிவிட்டார். நேரே மகள் இருக்கும் அறைக்கு வந்தவர் செருப்பு வரிசையைப் பார்த்திருக்கிறார். கையில் ஐஸ் பெட்டிதான் இருந்தது. அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு எதிர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்கதான்னு தெரியாம நான் செத்துப் பொழைச்சேன்,” என்றேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டாக்டர். கதவைத் தட்டியிருக்கலாமே. உங்க பொண்ணும் உள்ளதானே இருந்தா.”

“தட்டினா நீங்கள் திறந்திருப்பீங்கள்,” என்றார். “அதுதான் தட்டேல்லை.”

தன் பிள்ளை அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தட்டினால் அவரும் உள்ளே வந்து அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதற்காகக் கதவு திறக்கக் கூடாது என்று நினைத்து, தனியாக எதிர் அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். செருப்பை எடுக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன். சின்ன வயதில் ஊருக்குள் ராணுவம் தேடி வந்த நாட்களைச் சொன்னார்.

“சின்னனில எங்கட ஊருக்கு ஆமி தேடி வரேக்க, அம்மா முதல் வேலையா வாசல்ல கிடக்கிற செருப்பைத்தான் உள்ளுக்க எடுப்பா. செருப்பு கிடந்தா ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சிடும் எல்லோ. கை தானா எடுத்திட்டுது.”

சொல்லிவிட்டு, பெரிய விஷயமில்லை என்பது போல ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் துடைத்துக் கீழே வைத்தார். குழந்தைகள் காலை விட்டார்கள். “கோல்ட், கோல்ட்” என்று ஒன்று குதிக்க, அடுத்ததும் குதிக்க, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. தாழ்வாரம் முழுக்கச் சில்லிட்ட ஈரச் செருப்புகளோடு துள்ளிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

கட்டடத்துக்கு வெளியே, போலீஸ் கட்டியிருந்த நாடாவுக்கு அந்தப் பக்கம் பெற்றோர்கள் காத்திருந்தார்கள். என் கணவர் காய்கறிப் பையைக் கீழே போடவும் தோன்றாமல் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். வாங்கிய கொத்தமல்லி முழுக்கக் கசங்கிப்போயிருந்தது. அன்று யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. பார்க்கிங்கிலேயே நின்று, விஜயதசமிக்காகக் கொண்டு வந்து சூடாறிப்போன சுண்டலைத் தொன்னையில் வாங்கிச் சாப்பிட்டு, ஒருவர் பிள்ளையை இன்னொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் மீட்டிங் போட்டோம். “தமிழ் படிக்க வர்ற எடத்துலயும் இதெல்லாம் எதுக்குங்க, பிள்ளைங்க பயந்துடும்,” என்றார் ஒரு அப்பா. பயப்படுவது பிள்ளைகள் இல்லை, நாம்தான் என்று நான் சொன்னேன். இப்போது எங்கள் ஞாயிறு வகுப்புக்கும் ஒத்திகை உண்டு. டீச்சர்கள் எல்லோருக்கும் காந்தப் பட்டையை எப்படி எடுப்பது என்று பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஜமக்காளத்தை நான் விடவில்லை. செருப்பு மட்டும் உள்ளே, கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கிடக்கிறது. டாக்டர் இன்னமும் தாமதமாகத்தான் வருகிறார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் மகள் ட்ரில் என்று பேச்செடுத்தால் லஞ்ச் பாக்ஸைப் பிறகு கேட்கிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும். முன்பெல்லாம் ஆபீஸிலிருந்து வந்ததும் அதற்கு ஒரு பாட்டம் கத்திவிட்டுத்தான் உள்ளே போவேன். இப்போது காரை நிறுத்தியதும் என் கண் தானாக அங்கேதான் போகிறது. என் மகளின் ஷூ ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டால், பள்ளிக்கூடம் போன பிள்ளை வீடு திரும்பிவிட்டாள் என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு, என் செருப்பையும் அதன் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறேன்.