ஒரே மந்திரம்தான் வாயில்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் இழுத்துக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து முத்தையாபுரம் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது பேச்சு போயிருந்தது. சிறு வயதிலிருந்து தினமும் சொல்லிவந்த ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. "ஓம் நமோ நாராயணாய."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். ஃபேனை நிறுத்தவும் அதுதான். தண்ணீர் கொண்டுபோவேன், அதுவல்ல. தலையணையைச் சரிசெய்வேன், அதுவுமல்ல. இடது கையால் கட்டிலைத் தட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நாராயணனைக் கூப்பிடுவார். துறைமுகத்திலிருந்து பறந்துவரும் கரித்தூளுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம். அவர் அந்த வார்த்தைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவரோடு வீட்டுக்குள்.

பக்கத்து வீட்டு அக்கா ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு ஒரு சாயங்காலம் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, இவரு சாமி கும்பிடுதாரா, உன்ன ஏசுதாரா?"

"ரெண்டுந்தான் அக்கா."

"அதுக்கு அர்த்தம் என்ன?"

கல்யாணமான புதிதில் அவர் சொன்னதைச் சொன்னேன். மந்திரம் என்றால் நினைக்கிறவனைக் காப்பது. 'நம' என்பதை வணக்கம் என்போம். எங்கள் பெரியவர்கள் அதை 'ந' என்றால் இல்லை, 'ம' என்றால் என்னுடையது என்று பிரிப்பார்கள். என்னுடையது இல்லை. நானே எனக்குச் சொந்தமில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "உன் கதையும் அதான. போ, கடத்தெரு வரைக்கும் நடந்துட்டு வா. நான் இருக்கேன்."

வாசல் வரை போனேன். உள்ளே அவர் குரல் ஏறியது. திரும்பி வந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வழி சொன்னார். "அந்த ராகத்துலயே வேற வார்த்தைய வச்சுச் சொல்லுங்கம்மா. கூடவே அவரு கையத் தட்டிக்கொடுங்க."

மந்திரத்தின் ராகத்தில் 'தண்ணி வேணும்' என்று இழுக்க எனக்கு நாக்கு கூசியது. அவருக்கு இன்னும் மோசம். கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். ஆனாலும் தினமும் அவர் இடது கையை என் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே சொன்னேன். ரவைக் கஞ்சி கொடுக்கும்போதும் சொன்னேன்.

ஒரு மத்தியானம் கஞ்சிக் கரண்டியை நீட்டினேன். "ஓம் நமோ" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"வேண்டாம்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். என்னைப் பார்த்து இன்னொரு தடவை, சந்தேகமே இல்லாமல், "வேண்டாம்" என்றார். அன்று முழுக்க எதைக் கொடுத்தாலும் வேண்டாம்தான். பட்டினி கிடந்து சொன்னார்.

இப்போது கொஞ்சம் வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன. தண்ணிக்குத் தண்ணி என்கிறார். மந்திரத்தைக் காலையில் குளிப்பாட்டியபின் மட்டும், மெதுவாக, கண்ணை மூடிச் சொல்கிறார்.

எனக்குத்தான் அது இன்னும் சாமி பேராகத் திரும்பவில்லை. பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் கேட்டால் தெருவில் எல்லோரும் கைகூப்புகிறார்கள். நான் அவருக்கு என்ன வேண்டுமோ என்று அடுப்படிக்கு எழுந்து போகிறேன்.