படம் பார்த்துவிட்டு வரும் மைதானங்கள்

கால்பந்து நடுவர் வேலை என்பது, இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காக அடிபட, பந்தைத் தொடாத ஒருவன் எல்லாருடைய ஏச்சையும் வாங்கிக்கொள்ளும் வேலை. கழுத்தில் விசில் தொங்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வார நாட்களில் நான் ஒரு கந்தோரில் கோப்புத் தூக்குகிறவன். சனி, ஞாயிறுகளில் கிரானிலிருந்து பெரியகல்லாறு வரை யார் கூப்பிட்டாலும் மோட்டார் சைக்கிளில் போய் ஏச்சு வாங்குகிறவன்.

முன்பும் ஏசினார்கள். ஆனால் நான் செய்த பிழைக்கு ஏசினார்கள். இப்போது எங்கள் பக்கத்துக் கழகங்களில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் பொழுதுபட்டதும் கழகச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, வீரர்களுக்கு ஒரு விளையாட்டுப் படம் போடுவார்கள். ஊரும் பாயோடு வந்து உட்கார்ந்துவிடும். படத்தின் பெயர் மாறும், படம் மாறாது. ஏழை அணி, அழுகிற பயிற்சியாளர், கடைசி நிமிட வெற்றி, கூடவே காசு வாங்கிய நடுவர். அடுத்த நாள் அந்த நடுவரின் இடத்துக்கு நான் போய் நிற்க வேண்டும்.

இதற்குள் என் மகள் விதுஷாவும் நடுவர் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பாடசாலை அணியில் விளையாடியவள், விதிகள் எல்லாம் அத்துப்படி. எனக்குப் பிறகும் எங்கள் வீட்டில் ஒரு விசில் சத்தம் இருக்கும் என்று நான் பேராசைப்பட்டேன். வகுப்புத் தொடங்குமுன் என்னோடு மைதானங்களுக்கு வந்து பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தவற்றில் சில இவை.

எந்தப் பக்கம்?

கிரானில் ஒரு போட்டி. அறுவடை முடிந்து வயல்வட்டை வெறுமையாகக் கிடந்ததால் சனத்துக்குக் குறைவில்லை. நான் கோல் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, குடையை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி ஒரு பெரியவர் வந்தார். முதல் நாள் படம் பார்த்தாராம். நல்ல படமாம். அந்த நடுவர் கடைசியில் அடி வாங்கும் இடத்தில் எல்லாரும் கைதட்டினார்களாம்.

அவருக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நான் விலைபோனதில் சந்தேகமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிப் பணிவாகக் கேட்டார்: "தம்பி, எந்தப் பக்கத்தார் உங்கள எடுத்திரிக்காங்க எண்டு சொன்னீங்க எண்டா, நான் அந்தப் பக்கம் போய் நிம்மதியா நிண்டு பாப்பன்."

எழும்புகிற நேரம்

பெரியகல்லாற்றில் ஒரு இளைஞர் அணி. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டது. இன்னொரு அணியென்றால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருப்பார்கள். இவர்களோ தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டு, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல் சந்தோஷமாக இருந்தார்கள். முதற்பாதியில் நன்றாகத் தோற்றால்தான் பிற்பாதி நன்றாக இருக்கும் என்பது அவர்கள் படத்தில் கண்ட உண்மை.

பிற்பாதியில் இன்னும் இரண்டு வாங்கினார்கள். அப்போதும் முகம் வாடவில்லை. நான் கடைசி விசிலை வாயில் வைத்ததும்தான் அணித்தலைவன் பதறியடித்து ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "சேர், ஊதிப்போடாதீங்க. நாங்க எழும்புற நேரம் இப்பதான் வருது."

கோலியின் கண்ணீர்

காத்தான்குடி அணியின் முகாமையாளர் புடவைக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். விளையாட்டுப் படங்களில் பயிற்சியாளர் இடைவேளையில் பேசும் பேச்சுக்களையெல்லாம் மனப்பாடம் செய்தவர். அன்று அவர் பேசத் தொடங்கி, இடைவேளை முடிந்து, எதிரணி மைதானத்தில் இறங்கிக் காத்து நின்று களைத்தும்விட்டது. மஃரிப் தொழுகைக்கு முன் ஆட்டத்தை முடிக்க வேண்டுமே என்று நான் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

பத்துப் பேர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. கோல்காப்பாளன் மட்டும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். முகாமையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்க சேர். கோலி மட்டும் இன்னும் அழல்ல."

விதுஷா அன்று வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்த கடைசி மைதானம் அது.

முழங்கால்

அடுத்த மாதம் வேறோர் ஊரில், மேசன் வேலை செய்கிற ஒரு பொடியனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. வெளியே போகச் சொன்னேன். அவன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். சனம் எழும்பி நின்று கைதட்டியது, ஏனென்றால் படத்தில் நாயகன் அப்படித்தான் வருவான். நான் உள்ளே விடவில்லை. மண்கட்டியும் தண்ணீர்ப் போத்தலும் என் மேல் விழுந்தன. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த போட்டியில் வேறு ஒரு நடுவர். பாவம், அவர் சனத்துக்குப் பயந்து அவனை அதே காலோடு உள்ளே விட்டுவிட்டார். பிறகு நான் அந்தப் பொடியனைச் சந்தையில் கண்டபோது அவன் கைத்தடியோடு நின்றான். இனிச் சாரத்தில் ஏறி வேலை செய்ய முடியாதாம். அண்டைக்கே நான் சொன்னேனே தம்பி என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. "நீங்க அண்டைக்கு விட்டிருந்தா நான் ஒரு கோலாவது அடிச்சிரிப்பன் சேர். கால் எப்பிடியும் போகத்தானே போனது."

இன்றைக்கா?

மாவட்ட இறுதிப் போட்டி எங்கள் ஊர் மைதானத்தில் நடந்தது, ஆடியதில் ஒன்று எங்கள் ஊர் அணி. இரண்டு அணியும் சம்மதித்துத்தான் என்னை நடுவராகக் கேட்டிருந்தார்கள். எங்கள் அணித்தலைவனின் தகப்பன் வாவியில் தோணி கவிழ்ந்து இறந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அந்த மனிதரின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். பந்து உருளுமுன்பே கிண்ணம் யாருக்கு என்று ஊர் முடிவு செய்துவிட்டது. தகப்பனை இழந்த பிள்ளை தோற்கும் படத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம். எதிரணி அடித்த பந்து பெனால்டி பெட்டிக்குள் வந்தது. காவலுக்கு ஓடிவந்த அணித்தலைவன் கையை நீட்டித் தடுத்தான். வேண்டுமென்று செய்யவில்லை, பதற்றத்தில் கை தானாகப் போனது. ஆனாலும் கை கைதான். நான் பக்கத்தில் நின்றேன், கண்ணால் கண்டேன். இதை ஊதாமல் விட்டால் இனி எதையும் ஊத எனக்கு வாய் இருக்காது. ஊதினேன். மைதானம் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அவன் ஓடிவந்து சண்டை பிடிக்கவில்லை. தன் கையைப் பார்த்தான், பின்னால் தொங்கிய தகப்பனைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். "பட்டதுதான் சேர். ஆனா இண்டைக்கா?"

மூன்று நிமிடப் படம்

எதிரணி அந்தப் பெனால்டியைக் கோலாக்கி வென்றது. அடுத்த நாள் காலை எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரு வீடியோ வந்தது. மூன்று நிமிடம் ஓடும். தகப்பனின் முகம் மெல்லத் தோன்றி மறையும். மகன் ஓடுவது மெதுவாக, வியர்வை சிந்துவது மெதுவாக. பந்து கையில் பட்ட இடத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் வருகிறேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உதட்டைத் துடைக்கிறேன். மெதுவாக ஓட்டினால் அது சிரிப்பாகத் தெரிகிறது. முழுக்க முழுக்க வயலின் அழுகிறது. கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு, அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

மகள் போட்டியன்று கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கை பட்டதை என்னைப் போலவே கண்டவள். ஊரில் என் பக்கம் நிற்கக்கூடிய ஒரே சாட்சி அவள்தான், அது போதும் என்று நான் தைரியமாக இருந்தேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடுவர் வகுப்பு தொடங்கியது. மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். அவள் வெளிக்கிடவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் இருந்துகொண்டு அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. உனக்குமா என் மேல் சந்தேகம் என்று கேட்டேன்.

அவள் வீடியோவை நிறுத்தினாள். "நீங்க ஊதினது சரி அப்பா. நான் நிண்டாலும் அதத்தான் ஊதியிருப்பன். ஆனா இந்த மியூசிக்கோட பாக்கக்குள்ள எனக்கே உங்களில கோவம் வருது. என்னால ஏலாது அப்பா."

வரும் சனிக்கிழமை கிரானில் ஒரு போட்டி இருக்கிறது, நான் போவேன், பின்னணி இசை இல்லாமல், பின்னால் உட்காரவும் ஆள் இல்லாமல்.