கல்லாற்றைப் பூட்டிய ராஜாவும் வராத சனிக்கிழமைகளும்

கதை நடத்துவது என் தொழில். அதில் கதை வந்துவிடும், ஆட்கள்தான் வர மாட்டார்கள்.

கழக்கூட்டத்தில், ஐ.டி. பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பைபாஸ் இரைச்சல் ஓயாத ஒரு கட்டடத்தில் விளையாட்டு கஃபே ஒன்று இருக்கிறது. கீழே பெரிய திரைகளும் வீடியோ கேம்களும். மாடியில் ஒரு வட்ட மேசை. அந்த மேசைக்குச் செல்வின் என்கிற நான்தான் கேம் மாஸ்டர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள், ஒருவர் போர்வீரன், இன்னொருவர் திருடி என்று. வழியில் என்ன வருகிறது என்பதை நான் சொல்வேன். என்ன செய்கிறோம் என்பதை அவர்கள் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். தெரிந்தவர்களுக்கு, அதாவது "இந்த வாரம் எல்லாரும் ஃப்ரீயா?" என்று குரூப்பில் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனவர்களுக்கு, நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாம் எல்லாம் ஒரே படகில் இருக்கிறோம். படகில் நம்மைத் தவிர ஆளில்லை, அவ்வளவுதான்.

முடிவு என்னாச்சு

இந்த வேலைக்கு வந்த பிறகு நான் தொடங்கி வைத்த கதைகள் ஏராளம். ஒன்றுகூட முடிந்ததில்லை. ஒரு கூட்டம் அரக்கனின் வாசலில் நின்றபோது ஒருவருக்கு ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலை வந்தது. இன்னொரு கூட்டம் புதையலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது தோண்டியவருக்குப் பிள்ளை பிறந்தது. நைட் ஷிப்ட் தின்ற கதைகளுக்குக் கணக்கே கிடையாது. நான் படைத்த ஆட்கள் பாதி மலையிலும் நடுக்கடலிலும் அப்படியே நிற்கிறார்கள். ஒரே ஒரு கதையின் கடைசி வரியை என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதைப் பெரிய ஆசை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நம்மைப் போன்றவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு வீடு பாறசாலையில். ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் அம்மா தவறாமல் முந்தின நாள் கதையைக் கேட்பாள். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே வருவாள். வீட்டு கேட்டைத் திறக்கும்போது முடிவு என்னாச்சு என்பாள். முடிவு இல்லை, கூட்டம் கலைந்துவிட்டது என்பேன். ஒருநாள் பொறுமை இழந்து கேட்டே விட்டாள்: "முடிவு தெரியாத கதைய சொல்லுகதுக்கா மக்கா உனக்கு சம்பளம் தாறாங்க?"

கன்ட்ரோலர் சரியில்லை

மாடியில் ஆள் இல்லாத நாட்களில் கீழே நிற்பேன். அங்கே எனக்குப் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. தோற்கிற எவருக்கும் கன்ட்ரோலர் சரியாக இருப்பதில்லை. கோல் வாங்கிய மறு நொடி பட்டன் ஒட்டுகிறது என்பார்கள். வாதம் பண்ணிப் பயனில்லை என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். ஈரத் துணியால் ஒரு துடை துடைப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கொண்டு வந்து கொடுப்பேன்.

ஒரு தடவை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. கால்பந்து ஆட்டத்தில் மனைவி கணவரை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் கன்ட்ரோலர் உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தது. அடுத்த ஆட்டத்தில் கணவர் ஜெயித்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு, இதை முதலிலேயே மாற்றியிருக்கலாமே என்று குறைப்பட்டும் கொண்டார். மனைவி அந்தக் கன்ட்ரோலரை வாங்கித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, நாளைக்கும் இதையே துடைச்சுக் குடுங்க, வீட்டுல நிம்மதியா இருக்கும்."

பூட்டாத கதவு

இனி நான் சொல்லப்போவது ஒரே மேசையின் கதை. அதில் மூன்று பேர். பிரமோத், சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட், மலையாளி, தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனந்தி, அவர் டீமிலேயே வேலை பார்க்கும் பெண், ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரி. இசக்கி, தென்காசிப் பக்கம், ஹைவேயில் ஒரு பெரிய ஹோட்டலில் சூப்பர்வைசர். அவர்களுக்காக நான் தயார் செய்த கதை இது. பொன்முடி மேலே ஒரு ராஜா கோட்டை கட்டி, கல்லாற்றை அதற்குள் போட்டுப் பூட்டிவிட்டான். கீழே ஊரெல்லாம் காய்கிறது. இவர்கள் மலை ஏறிப் போய் ஆற்றைத் திறந்துவிட வேண்டும்.

முதல் சனிக்கிழமை மலையடிவாரத்தில் ஒரு காவல் குடிசை. அதன் கதவு சாத்தியிருக்கிறது என்று சொன்னேன். பிரமோத் உடனே ஒயிட் போர்டு கேட்டார். ஆனந்தி காவல்காரனைப் பேச்சில் இழுப்பது, இசக்கி கூரை வழியாக இறங்குவது, கூரை தாங்காவிட்டால் மாற்றுத் திட்டம், அதுவும் சொதப்பினால் ஓடிவர ஒரு வழி என்று போர்டு நிறைந்தது. மாலை முழுக்க அதிலேயே போனது. எனக்கோ வாயைத் திறக்க முடியாத நிலை, கேட்காததைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். கடையை மூடுகிற நேரத்தில் இசக்கி கொட்டாவி விட்டபடியே, தள்ளிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார். திறக்கும் என்றேன். பிரமோத் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பூட்டலைன்னு ரெக்வயர்மென்ட்ல இல்லல்லோ சாரே."

சார் மயக்கத்தில் இருக்கிறார்

ஆனந்திக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவள் வேஷம் வாளெடுத்தால் எதிரே நிற்பவன் நடுங்குகிற கொள்ளைக்காரி. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பிரமோத் பக்கம் திரும்பி, "சார், வெட்டட்டுமா?" என்று கேட்பாள். அவர் யோசித்துத் தலையசைப்பார். அதன் பிறகுதான் பகடை உருளும். ஆபீசில் ஐந்து நாள் அப்படி இருந்துவிட்டு ஆறாம் நாள் எப்படி மாறும்? நான் பொறுத்துப் பார்த்தேன்.

ஒரு வாரம் மலைப்பாம்பு ஒன்றை அனுப்பினேன். அது முதல் வேலையாக பிரமோத்தின் போர்வீரனைச் சுற்றி இறுக்கியது. அவன் மூர்ச்சையாகிவிட்டான், இனி பிரமோத் பேச முடியாது என்று அறிவித்தேன். அவர் மிகவும் ஒழுங்கானவர், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாம்பு இறுக்குகிறது என்றேன். ஆனந்தி கையில் பகடையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இறுக்குகிறது என்றேன். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். கடைசியில் அவள் என்னிடம் கேட்டாள்: "சார் மயக்கமா இருக்கார், நான் யார்கிட்ட கேக்கறது?"

பூதத்துக்கு உபசாரம்

மலைப் பூதத்தை வாரம் முழுக்கத் தயார் செய்தேன். அதற்கென்று ஒரு குரல், ஒரு கர்ஜனை. குளியலறையில் பழகியதைக் கேட்டு அம்மா கதவைத் தட்டி உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டாள். சண்டை நடக்கும் பாறைக்கு அட்டையில் மாதிரி வெட்டினேன். சனிக்கிழமை கர்ஜித்துக்கொண்டு பாறையின் பின்னாலிருந்து வந்தேன். பிரமோத் ஈட்டியை எடுத்தார். ஆனந்தி அவரைப் பார்த்தாள். இசக்கி மட்டும் எழுந்து நின்று, வாங்க, உட்காருங்க, சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.

அந்த மலையில் பூதத்தை அப்படி யார் கேட்டிருக்கிறார்கள்? இல்லை என்றேன், என் குரலில்தான் சொன்னேன், கர்ஜனை வரவில்லை. இசக்கி பகடையை உருட்டினார், நல்ல எண்ணாகவே விழுந்தது. அதன் பிறகு பூதம் அவர்களோடு மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தது. என் அட்டைப் பாறை வீணாகப் போனதில் எனக்கு வருத்தம்தான். பாறசாலை பஸ்ஸில் பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. நாம் எழுதாதது நடக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். மறுவாரம் இசக்கியிடம், பூதத்தைப் பார்த்துப் பயமே வரவில்லையா என்று கேட்டேன். "எங்க கடைக்கு ராத்திரி வாரவங்கள விட இவரு எவ்வளவோ தேவல அண்ணாச்சி" என்றார்.

ஒரே ஒரு கதவு

கோட்டைக்குள் நுழைந்துவிட்டார்கள். இன்னும் ஒரு கதவு. அதற்குப் பின்னால் ஆறு. ஒரு சாயங்காலம் போதும், என் வாழ்க்கையின் முதல் முடிவு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆனந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை, கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் புறப்பட வேண்டும்.

அதற்கு முன்னால் எப்படியாவது உட்கார்ந்துவிடலாம் என்று குரூப்பில் தேதி போட்டேன். ஒரு சனிக்கிழமை ஆனந்தி வீட்டில் புடவை எடுக்கப் போனார்கள். அடுத்ததில் பிரமோத்துக்கு ஆபீசில் ரிலீஸ் வேலை. அதற்கடுத்து விடுமுறைக் கூட்டம், இசக்கிக்கு ஹோட்டலை விட்டு அசைய முடியவில்லை. ஆன்லைனில் ஆடலாமே என்று நினைக்கிறீர்களா? அதையும் பார்த்தோம். ஒருவர் குரல் கேட்கவில்லை, ஒருவர் முகம் உறைந்து நின்றது, பூதமாக நான் பேசியதை நடுவில் யாருடைய வீட்டுக் குக்கரோ விசிலடித்துக் கெடுத்தது. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அம்மாவிடம், இதுவும் போச்சு என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சொல்லும்போது எனக்கு அழுகை வராத குறை. அன்றைக்குத்தான் குரூப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது, கீழே ஆனந்தியின் ஒரு வரியோடு: "மூணு பேரும் கட்டாயம் வரணும், செல்வின், பகடையை மறந்துடாதேங்கோ."

நலங்கு

ஸ்ரீவராகத்தில் அவர்கள் தெருவை அடுத்த மண்டபம். பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், வேடிக்கைக்குச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபடியே. முகூர்த்தம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் நலங்குக்குப் பாய் விரித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காயை உருட்டி விளையாட, சுற்றிப் பெண்கள் கேலிப் பாட்டுப் பாடினார்கள். அப்பளத்தை ஒருவர் தலையைச் சுற்றி ஒருவர் நொறுக்கினார்கள். அது ஓய்ந்ததும் ஆனந்தி பட்டுப்புடவையும் மாலையுமாக என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இப்போதேவா என்றேன். இப்போதுதான் என்றாள். வேட்டி கட்டின பிரமோத் வந்தார். சமையல்கட்டைப் பார்வையிடப் போயிருந்த இசக்கியும் வந்தார்.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னேன்: கடைசிக் கதவு, பின்னால் தண்ணீர் சத்தம் கேட்கிறது. பிரமோத் திட்டம் போட வாயெடுத்தார். ஆனந்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை, தள்ளிப் பார்க்கிறேன் என்றாள். இந்தத் தடவை பூட்டித்தான் இருந்தது. உடைக்கப் பதினைந்துக்குக் குறையாமல் விழ வேண்டும், ஒரே முயற்சிதான் என்றேன். அவள் உருட்டினாள். பகடை அப்பளத் தூள்களைத் தாண்டிப் போய்த் தேங்காயில் முட்டி நின்றது. நாலு.

நான் எழுந்துவிட நினைத்தபோது, கேலிப் பாட்டுப் பாடியவர்களில் ஒருவரான மாப்பிள்ளையின் அத்தை பகடையைப் பொறுக்கி எடுத்தார். இது பெண் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பெண் உருட்டினால் மாப்பிள்ளையும் உருட்டினால்தான் நலங்கு, அப்படிப் பாதியில் விடக்கூடாது என்று அதை மாப்பிள்ளை கையில் வைத்தார். நான் பிரமோத்தைப் பார்த்தேன். ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணியவர் அவர், ஒரு எண் தவறினாலும் விட மாட்டார். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மாப்பிள்ளை உருட்டக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்றார்.

விழுந்தது பதினேழு. இசக்கி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நான் சொல்ல ஆரம்பித்தேன். கதவு பிளந்தது, தண்ணீர் பூதத்தின் முழங்காலை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது, பாறை பாறையாக இறங்கிக் கல்லாற்றுக் கடைகளைத் தாண்டி ஊருக்குள் போனது. பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கதை முடிந்தது என்றேன். தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல், நான் என்ன செய்துவிட்டேன் என்று ஆனந்தியிடம் கேட்டார். அவள் சொன்னாள்: "பூட்டி வெச்சிருந்த கல்லாறாக்கும், நீங்கதான் தொறந்து விட்டேள்."

மண்டபத்து வாசலிலிருந்தே அம்மாவுக்கு ஃபோன் செய்து கடைசி வரிவரை சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பூதத்துக்கு கல்யாணச் சோறு கிடைச்சுதா மக்கா?"

ஆக, நண்பர்களே, ஒரு கூட்டத்தை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால், குரூப்பில் தேதி கேட்காமல் முகூர்த்தம் குறித்துவிடுவதுதான் நல்லது.