கீழ்க்கணக்கும் கண்ணுக்குள் காற்றும்

குனிந்திருப்பது அம்மாக்கண்ணுவுக்குப் பெரிய காரியமில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவள். கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் முடிந்ததும் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்கச் சொன்னார்கள். மற்ற நோயாளிகள் முனகினார்கள். இவள் கவிழ்ந்தபடியே மூன்று கட்டில் தள்ளி இருந்தவளிடம் வம்பளந்தாள்.

இடது கண்ணைச் சர்க்கரை வியாதி ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தது. மிஞ்சிய வலது கண்ணும் இரண்டு மூன்று வருடமாக மங்கி, கடைசியில் இரத்தம் கசிந்து, விழித்திரை கழன்றுவிட்டது. டாக்டர் கண்ணுக்குள் இருந்த கூழை உறிஞ்சி எடுத்து, திரை ஒட்டிக்கொள்வதற்காக அந்த இடத்தில் வாயுவை அடைத்தார். இதுவும் போனால் இருட்டுத்தான். அது அவளுக்கும் தெரியும்.

"காத்து கரையுற வரைக்கும் ஒசரமான எடத்துக்குப் போக வேணாம்" என்று தாதி சொல்லி அனுப்பினாள். அம்மாக்கண்ணு தலையாட்டினாள். ஒசரத்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவள் குடியிருக்கும் லயம், தோட்டத்தின் தாழ்ந்த பகுதியான கீழ்க்கணக்கில். பிறந்தது, கலியாணம் கட்டியது, புருசன் பழனியாண்டியோடு சண்டை பிடித்தது எல்லாமே கீழ்க்கணக்கில். மேல்கணக்குக்கு ஏறுவது திருவிழாவுக்கு மட்டும்தான். இந்த வருடம் ஏறாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

அவிசாவளையில் மகள் ஜீவராணி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளுக்கு மகள் ஊற்றிய தேத்தண்ணியை மட்டும் பொறுக்க முடியவில்லை. ஐந்தாம் நாள், மகள் வேலைக்குப் போனதும், லயத்துக்குப் போக வழி கேட்டுக் கேட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மடியில் முகம் கவிழ்த்து உட்கார்ந்தவளைப் பார்த்த கண்டக்டர், வாந்திதான் என்று முடிவுகட்டி ஒரு சொப்பிங் பேக்கைக் கையில் திணித்தார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. கித்துல்கலை வருவதற்குள் நாலு சேர்ந்துவிட்டன. வீட்டுக்கு ஆகுமென்று மடித்து வைத்துக்கொண்டாள்.

ஏற்றத்தில் பாதி ஏறியதும் கண் விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் இருந்தவர் ராசிக், ஹட்டனில் கடை வைத்திருப்பவர். காலடியில் ஒரு மூட்டை நிறைய, வாய் ஒட்டிய முறுக்குப் பக்கெட்.

"கையில பச்சப் பட்டி கட்டியிருக்காங்களேம்மா. கண்ணுல காத்து, மலைக்கு ஏறக் கூடாதுன்னு சிங்களத்துல போட்டிருக்கு."

"நான் எங்க மொதலாளி ஏறுறேன்? எங்க லயம் கீழ்க்கணக்குல."

"எந்தத் தோட்டம்?"

"அக்கரப்பத்தனைப் பக்கம்."

ராசிக் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தக் கீழ்க்கணக்கே ஹட்டனை விட ஒசரமாச்சேம்மா!" பிறகு ஒரு பக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அது தலையணை போல உப்பியிருந்தது.

"காலைல கொழும்புல ஏத்துறப்ப இது சப்பையாக் கெடந்துச்சு. மேல ஏற ஏற உள்ள இருக்க காத்து உப்பும். சிலது வெடிச்சே போயிரும். ஒங்க கண்ணுக்குள்ள இருக்கதும் காத்துதாம்மா."

அம்மாக்கண்ணு பக்கெட்டை அழுத்திப் பார்த்தாள்.

"பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க மொதலாளி" என்றாள்.

கண்டக்டர் ஐந்தாவது பேக்கோடு ஓடி வந்தார்.

ராசிக்கும் கூடவே இறங்கி, ஜீவராணிக்குப் போன் போட்டு, கீழே போகிற பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டார். இறங்க இறங்க வலி தணிந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் திட்டிய திட்டில் பாதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. கண் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்பதும் அந்தப் பாதியில் இருந்தது.

அதன் பிறகு ஆறு கிழமை, குறை சொல்லிக்கொண்டே மகளின் தேத்தண்ணியைக் குடித்தாள். கண்ணுக்குள் தெரிந்த குமிழ் நெல்லிக்காயாகி, மிளகாகி, கடுகாகி, ஒருநாள் காணாமல் போனது.

கிளினிக்கில் டாக்டர் விரல்களைக் காட்டினார். "மூணு" என்றாள். இனி மலைக்குப் போகலாம் என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. மகள் பக்கம் திரும்பியிருந்தாள்.

"என்னடி, இப்புடி நரைச்சுப் போச்சு ஒனக்கு?"

"ரெண்டு வருசமாச்சும்மா."

அம்மாக்கண்ணு மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து, நரைத்த மயிரை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். பிறகு அழுதாள்.