அண்ணன் சொன்ன முப்பத்தைந்து நிமிடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் ஐந்து குடும்பத்தாராவது எங்கள் அண்ணன் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை நம்பி ஓசூருக்கு வீடு மாற்றி வந்தவர்கள். "பஸ் ஏறினா முப்பத்தஞ்சு நிமிஷம், கம்பெனி வாசல்ல எறங்கலாம்" என்பதே அந்த வார்த்தை. நானும் நம்பித்தான் வந்தேன். பதின்மூன்று வருடமாக அந்த முப்பத்தைந்து நிமிடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு. அவரைப் பற்றித் தங்கை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எனக்கு எழுதக் கிடைத்த நேரம் பஸ்ஸில் நிற்கிற நேரம் மட்டுமே. ஆகையால் இதில் பாதியை அத்திப்பள்ளிக்கும் சந்தாபுரத்துக்கும் நடுவே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் எழுதினேன். எங்கேனும் கோபம் தெரிந்தால் அது நெரிசலில் வந்த கோபம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மத்தூருக்குப் பக்கத்தில். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். பத்தாவது முடித்ததும் அண்ணன் கிருஷ்ணகிரியில் ஐடிஐ படித்து, பெங்களூருக்கு இந்தப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கடைசி வரை அதே கம்பெனிதான். இரும்புத் துண்டைக் கடைந்து, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் அளந்து அனுப்பும் வேலை. எதையும் மூன்று முறை அளக்காமல் அனுப்பமாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

திருமணமாகி பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். கட்டிலை விரித்தால் கதவு திறக்காது. வாரம் இரண்டு முறை லாரித் தண்ணீர். அண்ணிக்குக் கைக்குழந்தையோடு ஒரு நாள் மயக்கம் வந்து விழுந்தபோது, எட்டு வீடு இருக்கிற அந்தக் கட்டடத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. குழந்தை அழுதுகொண்டே இருந்திருக்கிறது. அண்ணி தானே தெளிந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வந்து இதைக் கேட்ட அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறே வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"எனக்குன்னு ஒண்ணும் வேணாம் பாப்பா" என்று என்னிடம் சொன்னார். "புள்ள தனியா நடந்து பள்ளிக்கூடம் போவணும். நான் இல்லாதப்ப உங்க அண்ணிக்கு ஒண்ணுன்னா தட்டறதுக்கு ஒரு கதவு இருக்கணும். அவ்ளோதான் கேக்கறன்."

அவ்வளவுதான் கேட்டார். அதைத் தேடி ஒரு வருடம் அலைந்தார். ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. சந்தாபுரம், அத்திப்பள்ளி, எல்லையைத் தாண்டி ஜூஜுவாடி, அப்புறம் ஓசூரின் ஒவ்வொரு புது நகராகப் பார்த்தார். தரகர் யாரையும் கூட்டிப் போகவில்லை. அவருக்கென்று ஒரு வழி இருந்தது. நல்ல வெயிலில் தெருவில் நடப்பார். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீரும் தெரிந்துவிடும், மனுஷரும் தெரிந்துவிடும் என்பார். ஓரிடத்தில் ஜன்னல் திறந்து மூடிக்கொண்டது. ஓரிடத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி ஊர், பேர், சாதி மூன்றும் விசாரித்தார்கள், தண்ணீர் வரவில்லை. இன்னோரிடத்தில் நாய் வந்தது.

பாகலூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, இப்போது நாங்கள் இருக்கும் தெருவில், தெலுங்கு பேசும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். அண்ணன் தமிழில் கேட்க, அவர் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய், சொம்பு நிறையத் தண்ணீரும் உட்கார ஒரு ஸ்டூலும் கொண்டுவந்தார். அப்புறம் தனக்குத் தெரிந்த தமிழில், "சாப்ட்டியா? எத்தினி பசங்க ஒனக்கு?" என்று கேட்டார். எதிர் வீடு விலைக்கு வந்திருப்பதைச் சொன்னவரும் அவரே. அண்ணன் அங்கிருந்தே அண்ணிக்குப் போன் போட்டு, "எடம் அமஞ்சிருச்சு" என்றார்.

மிச்சமிருந்தது பஸ் ஒன்றுதான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கம்பெனி ஸ்டாப்பில் இறங்கினார். முப்பத்தைந்து நிமிடம். ஒரு முறை அளந்தால் போதாதே, அவர் வழக்கப்படி மூன்று முறை அளந்தார். இரண்டில் முப்பத்தைந்து வந்தது, ஒன்றில் முப்பத்துநான்குகூட வந்ததாம். அந்த மூன்றும் ஞாயிற்றுக்கிழமை.

தலைமுடியின் கனத்தை அளக்கிற மனிதருக்கு இது தோன்றவில்லை. ஆலை வேலைக்காரனுக்கு ஞாயிறு ஒன்றுதான் சொந்த நாள், வீடு பார்ப்பதும் அதில்தான், பெண் பார்ப்பதும் அதில்தான். இந்தத் தவற்றைச் செய்யாதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

அண்ணன் குடிபோன ஆறாம் வருடம் எங்களைக் கூப்பிட்டார். எனக்கும் பொம்மசந்திராவில்தான் வேலை, மாத்திரை பேக்கிங் செய்யும் இடத்தில். கம்பெனிக்குப் பத்து நிமிட நடையில் வாடகைக்கு இருந்தோம். "இங்க வந்துருங்க. முப்பத்தஞ்சு நிமிஷம்தான்" என்று வாரா வாரம் போன் செய்வார். என் வீட்டுக்காரர் தயங்கினார். அளந்து பேசுகிறவர் ஆயிற்றே என்று நான்தான் வாதாடி வந்தேன். முதல் திங்கட்கிழமை ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"ஏண்ணா, முப்பத்தஞ்சு நிமிஷம்னு சொன்ன?"

"திங்கக்கெழம பாப்பா. திங்கக்கெழம அப்பிடித்தான் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை, பாலத்தில் வேலை நடக்கிறது என்றார். புதன்கிழமை முகூர்த்த நாள். அதற்குப் பிறகு மழை, லாரி, மந்திரி வருகை என்று பன்னிரண்டு வருடமும் ஏதாவது ஒன்று சொன்னார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். 'தப்பாச் சொல்லிட்டன்' என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும், அது போதும் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அது வரவே இல்லை.

காலையில் இருவரும் ஒரே பஸ். நான் முன்னால் பெண்கள் பக்கம், அவர் பின்னால். சந்தாபுரம் சிக்னலில் வண்டி அசையாமல் நிற்கும்போது நான் திரும்பி, கையைத் தூக்கிக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவேன். அவர் உடனே ஜன்னல் வழியாக வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வண்டியில் வாடிக்கையாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை வந்து பந்த் நடக்கும் நாட்களில் நம் பஸ்ஸெல்லாம் ஜூஜுவாடியிலேயே நின்றுவிடும். எல்லையை நடந்தே கடந்து, அத்திப்பள்ளியில் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு நாள் நடக்கும்போது, "இதுவும் முப்பத்தஞ்சு நிமிஷமாண்ணா?" என்று கேட்டேன். "நடந்தா கணக்கு வேற" என்று சொல்லிவிட்டு என் சாப்பாட்டுப் பையையும் வாங்கிக்கொண்டார். கோபமாக இருந்தது. ஆனாலும் பையைக் கொடுத்துவிட்டேன்.

அவர் கேட்டதெல்லாம் அந்தத் தெருவில் கிடைத்தது. மகள் தனியாக நடந்தே பள்ளிக்கூடம் போனாள். எதிர்வீட்டு அம்மா மடியிலேயே தெலுங்கும் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு அவள் சேலத்தில் நர்சிங் முடிக்கப் போகிறாள். அவள் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்புவதை அண்ணன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார், தூங்கும் நேரத்துக்கு வருவார். சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, நின்று நின்று கால் வீங்கியது. ரிட்டயர் ஆனதும் பஸ் ஸ்டாண்ட் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி இருந்தது.

ஒரு ஞாயிறு காலை, வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அண்ணி கத்திய சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தது எதிர்வீட்டு அம்மா. இரண்டாவது நான். அண்ணனோடு ஒரே மெஷினில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் பாய் மூன்றாவது வீடு, அவர் லுங்கியோடே ஓடி வந்து அண்ணனைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் அதற்குள் வண்டி பிடித்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்து மருத்துவமனையில் பார்த்த டாக்டர், தலையில் ரத்தம் அடைத்திருக்கிறது, பொம்மசந்திரா பக்கம் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார்.

ஆம்புலன்ஸில் நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷம், ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். ரோடு காலியாகக் கிடந்தது. ஜூஜுவாடி போனதும் தெரியவில்லை, அத்திப்பள்ளி வந்ததும் தெரியவில்லை. அவருடைய கம்பெனி ஸ்டாப்பைத் தாண்டும்போது மறுபடி பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம். அவர் சொன்னதைவிட ஏழு நிமிடம் குறைவு. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கப் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டவள் நான். அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்தது. காதருகே குனிந்து, "அண்ணா, நீ சொன்னது சரிதாண்ணா" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பாத்திரத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அண்ணி சொன்னார்:

"நாங்க குடிவந்த மொத திங்கக்கெழமையே அவருக்குத் தெரிஞ்சிருச்சு பாப்பா. ராத்திரி வந்தவரு செருப்பக்கூடக் கழட்டாம உக்காந்துட்டாரு. 'தப்பா அளந்துட்டன் புள்ள'ன்னாரு."

"அப்ப எங்கள ஏன் அண்ணி கூப்ட்டாரு? தெரிஞ்சுகிட்டே பொய் சொன்னாரா?"

"ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ரோட்டுல இருக்கறன், அந்நேரம் உனக்கு ஒண்ணுன்னா யாரு வருவான்னு அவருக்கு ஒரே பயம். எதிர்வீட்டு அம்மாவுக்கும் வயசாவுதுல்ல. 'தங்கச்சி பக்கத்துல இருந்தா நிம்மதியா பஸ்ஸுல நிப்பன்'னாரு. அதான். நெசத்தச் சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டேன். பாயும் வந்திருக்கமாட்டார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன, இன்றைக்கும் பஸ் நிற்கும்போதெல்லாம் வருகின்றன. அந்த ஞாயிறு இரண்டு நிமிடத்தில் அண்ணனைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணிக்காக அவர் கூட்டி வைத்தவர்கள். கடைசியில் அவருக்கே வந்தோம், அதற்குமேல் எங்களால் ஆகவில்லை.

அன்று ஓடி வந்த பாய்க்கும் அவர் வீட்டாருக்கும், அண்ணன் வாயில் கடைசியாகத் தண்ணீர் நனைத்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், மருத்துவமனை வராந்தாவில் மூன்று நாள் எங்களோடு கிடந்த கம்பெனி நண்பர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த பெயர் தெரியாத தம்பிக்கும், ஓராண்டாக அண்ணியைத் தனியே விடாத தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலை நாளில் வைத்த காரியத்துக்கும் லீவு போட்டு வந்தவர்களுக்குத் தனி நன்றி. ரோடு எப்படி இருந்தது என்று கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மகள் படிப்பு முடிந்து வெளியூரில்தான் வேலைக்குப் போவாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. நானும் தினமும் நான்கு மணி நேரம் ரோட்டில் இருக்கிறேன். அண்ணி வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியாகிவிட்டது. போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். அவனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கைக்குழந்தையோடு மனைவி ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறாள். "அக்கா, ஓசூர்ல பாக்கலாமா? எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டான்.

முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்னேன்.

தம்பி, இந்நேரம் நீயும் இதைப் படித்துக்கொண்டிருப்பாய். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமையே வா.