டார்ஜிலிங்கில் ஏழு நாள்

என் மனைவி பனியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனாலும் மலாயாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், மத்தியானத்தில் தகரக் கூரை கொதிக்கும் கிராணி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, டார்ஜிலிங்கில் ஏழு நாளை எப்படிக் கழிப்பது என்று மூன்று மாதம் திட்டம் போட்டோம். ஜோகூர்க் கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டு, ரயில் நேராகச் சிங்கப்பூருக்கே போகத் தொடங்கியிருந்த காலம் அது. அவள் அந்தப் பயணம் போகாமல் நின்றதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரியமும் இல்லை.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவள் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அது போன அடுத்த மாதம் துரைசாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பங்களாவிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கிராணி பெண்டாட்டி போய் அடுத்தவர் பிள்ளையைத் தூக்குவதா என்று எனக்கு ரோஷம். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புடவையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஆறு வருஷம் அந்தப் பிள்ளைக்கு எல்லாமே அவள்தான். அது பேசிய முதல் பேச்சு தமிழ், அதுவும் அசல் தோட்டத்துத் தமிழ். துரைசாணி பார்க்காத நேரத்தில் சமையலறைப் படியில் அவள் மடியில் உட்கார்ந்து, ரசஞ்சோறு பிசைந்து ஊட்டச் சொல்லிச் சாப்பிடும். மகளிடம் பேசுவதற்காகத் தமிழை ஒழுங்காகப் படிக்க வேண்டியிருக்கிறது என்று துரை ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளைக்காரர்கள் ஆறேழு வயதில் பிள்ளைகளைக் குளிர் தேசத்துக்குப் படிக்க அனுப்பிவிடுவார்கள். துரைசாணியின் தங்கை டார்ஜிலிங்கில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே அவள் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்குப் பிள்ளையை வழியனுப்பிவிட்டு லாபிஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த என் மனைவி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. நானும் கேட்கவில்லை. பங்களாவில் துணிமணி மடிக்கும் வேலைக்கு அவளை வைத்துக்கொண்டார்கள். போவாள், வருவாள். வீட்டில் பேச்சே குறைந்து போயிற்று.

துரைசாணி கெட்டவள் இல்லை. மகளிடமிருந்து கடிதம் வந்தால், தான் படித்துவிட்டு என்னிடம் கொடுத்து, ஆயாவுக்கும் படித்துக் காட்டிவிட்டு நாளைக்குத் திருப்பிக்கொடு என்பாள். பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் அரைப் பக்கம் இருக்கும். நான் நலம். மழை பெய்தது. வெள்ளை மலை தெரிந்தது. புதுப் பென்சில் வாங்கிக் கொடுத்தார்கள். இவ்வளவுதான். முதல் கடிதத்தை நான் தமிழில் சொல்லி முடித்ததும், அவள் இன்னும் ஏதோ வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்து ஜனங்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களைக் கிராணிதான் படித்துச் சொல்ல வேண்டும். தமிழில் கடிதம் என்றால் மாமன், மச்சான், சித்தி, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்க வேண்டும். சில கடிதத்தில் எழுதியவன் யாரையாவது விட்டிருப்பான். விடுபட்டவர் என் மேஜைக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். அவர் முகம் வாடக் கூடாது என்று நானே ஒரு வரி சேர்த்துப் படிப்பேன். எல்லாக் கிராணியும் செய்வதுதான். அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அன்றைக்கும் அதே வாய் அதே வேலையைச் செய்தது. “ஆயாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும்” என்று முடித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பை மூட்டினாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று கறி இருந்தது.

அதற்கப்புறம் நிறுத்த முடியுமா? ஒரு வரி இரண்டு வரியாயிற்று. ஆயா கையால் தலை பின்னிக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்றேன். இங்கே ரசம் கிடைப்பதில்லை என்றேன். எனக்குள் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, மகளைப் போய் ஒரு வாரம் பார்த்துவிட்டு வரப்போவதாகத் துரைசாணி சொன்னாள். துரைக்கு லீவு இல்லை. துணைக்கு ஆயா வர வேண்டும், ஏற்பாடெல்லாம் நீ செய் என்று பொறுப்பை என்னிடம் விட்டாள். சிங்கப்பூர்க் கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். கல்கத்தா வரைக்கும் கப்பல், அங்கிருந்து சிலிகுரிக்கு ரயில், பிறகு மலையேறும் குட்டி ரயில். போக வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், இருப்பதோ ஏழே நாள். ஏழு நாளுக்காகவா இத்தனை அலைச்சல் என்று என் மனைவியிடம் கேட்டேன். ஏழு நாள் போதாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அந்த மூன்று மாதத்தில் என் வீட்டில் நான் பார்த்த பெண் வேறு ஒருத்தி. குளிருக்கு என்ன உடுத்துவது என்று எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பஞ்சாபிக் காவல்காரர் ஒருவர்தான் குளிர் தெரிந்த மனிதர். அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, பல்லைக் கிட்டித்து, “செஜோக், செஜோக்” என்று மலாயில் நடுங்கிக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கம்பளி ஒன்றைக் கேட்டு வாங்கி, லாபிஸில் சீனத் தையற்காரரிடம் கொடுத்து முழுக்கைச் சட்டை தைத்தோம். அவள் அதைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கக் கூடத்தில் நடந்து காட்டினாள். கரடி வித்தைக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். அவளும் சிரித்தாள்.

ஏழு நாளுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். போய் இறங்கிய அன்றைக்கு ஒன்றும் செய்வதில்லை, பிள்ளை பழகட்டும். மறுநாள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டல். அதற்கடுத்த நாள் ரசம். அந்தக் குளிரில் எண்ணெய் முழுக்கா என்று நான் கேட்டால், வெந்நீர் இல்லாத ஊரா அது என்பாள். ரசப்பொடியை வறுத்து இடித்து, பிஸ்கட் தகரத்தில் அடைத்து, காற்று புகாமல் மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினாள். ஒரு நாள் பிள்ளையோடு நடந்து போய் அந்த வெள்ளை மலையைப் பார்ப்பதாக இருந்தது. ஒரு நாள் கிழிந்த உடுப்பெல்லாம் தைத்துக்கொடுப்பதாக இருந்தது. இன்னொரு நாள் ஆசை தீரத் தலை பின்னிவிடுவதாக இருந்தது. ஆறு நாள் சொல்லி நிறுத்திவிட்டாள். ஏழாம் நாள் என்ன செய்வாய் என்றேன்.

“ஏழாம் நாளு ஒண்ணும் செய்யமாட்டேங்க. சும்மா பாத்துக்கிட்டே இருப்பேன்.”

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, கப்பல் டிக்கெட்டுகளை வாங்கிக்கொள்ளத் துரைசாணி ஆபீசுக்கு வந்தாள். தங்கையிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டதாம். இங்கிலீஷ் தவிர வேறு பேச்சே இல்லையாம், தமிழ் சுத்தமாக மறந்துபோய்விட்டதாம். நல்லதாய்ப் போயிற்று என்றாள். நானும் நல்லது என்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மலை ஸ்டேஷன் வந்து நிற்கும். இவள் கம்பளிச் சட்டையோடு இறங்கி ஓடுகிறாள். பிள்ளை பயந்து சித்தியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிகிறது. யார் இது என்று இங்கிலீஷில் கேட்கிறது. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இல்லாத ஊரில் இவள் அந்த ஏழு நாளை எப்படித் தள்ளுவாள்? என் பொய்யை நம்பித்தானே இத்தனை தூரம் போகிறாள்? இங்கேயே சொல்லிவிட்டால் அழுதாலும் என் பக்கத்தில் இருந்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் நன்மைக்காக என்றுதான் நினைத்தேன். எனக்குத் துணிச்சல் இல்லாததும் அதற்குள் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தகரப்பெட்டியில் அவள் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஆயாவைக் கேட்டதாக வந்த வரி ஒவ்வொன்றும் நான் சேர்த்தது. பிள்ளைக்குத் தமிழும் மறந்துவிட்டது. மனசைத் தேற்றிக்கொண்டு போ என்றேன்.

அவள் கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள்.

“எல்லாத்துலயுமா?” என்றாள்.

“எல்லாத்துலயும்தான்.”

“ஒண்ணுல கூட எம்பேச்சு இல்லியா?”

இல்லை என்றேன். அந்த இடத்திலாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை நாள் வாய் ஓயாமல் சொன்னவனுக்கு அன்றைக்குப் பார்த்து உண்மை பேசும் வீறாப்பு.

அவள் அழவில்லை. அடுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் பங்களாவுக்குப் போய், குளிர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் எவ்வளவோ மன்றாடினேன். பிள்ளைக்கு உன்னைத் தெரியாதென்றால் என்ன, போய்ப் பார்த்துவிட்டாவது வா என்றேன். பிள்ளை தன்னைத் தேடவில்லை என்றால், தான் போய் நிற்பது அதற்குத் தொந்தரவு என்றாள். துரைசாணிக்குக் கோபமான கோபம். சிங்கப்பூரில் வேறொரு ஆயாவைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். என் மனைவி அதற்குப் பிறகு பங்களாப் படி ஏறவில்லை.

துரைசாணி திரும்பி வந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ஏற்பாடெல்லாம் ஒரு குறையில்லை என்று பாராட்டினாள். பிறகு டார்ஜிலிங் ஸ்டேஷனில் நடந்ததைச் சொன்னாள். குட்டி ரயில் போய் நின்றதும் பிள்ளை ஓடி வந்து தன்னைக் கட்டிக்கொண்டதாம். உடனே விட்டுவிட்டு, வண்டியில் இருந்து இறங்குகிற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே போனதாம். கடைசிப் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, “ஆயா எங்கே?” என்று கேட்டதாம். தமிழில் கேட்டதாம். வரவில்லை என்று சொன்னதும் இரண்டு நாள் தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்தப் பேச்சையெல்லாம் மறந்துவிட்டது என்றல்லவா நினைத்தோம் என்றாள் துரைசாணி. பேச ஆள் இல்லாததால் பேசாமல் இருந்திருக்கிறது.

பங்களா மேட்டிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவள் பின்வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் போய்ப் பார்த்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. ஊர்க் கடிதத்தில் பெயர் விட்டுப்போனவர்களை நான் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

நம்பவில்லையா, வா, துரைசாணியிடமே கேள் என்று எழுந்தேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்யக் கையைத் தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“சத்தியமெல்லாம் வேணாங்க. நான் யாருகிட்டயும் போய்க் கேக்கவும் மாட்டேன். இதுவும் நீங்க சேத்துச் சொன்னதாவே இருக்கட்டும். நெசமா இருந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது.”