சலவை அறையின் பிளேஆஃப்

ஆஸ்பத்திரி சலவை அறையில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறும்போது பேச முடியாது. உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சல் காதை அடைக்கும். மடித்து மடித்து நெருங்கி, மூலையோடு மூலை சேரும் நொடியில்தான் பேச்சு. அங்கே வேலை பார்க்கும் அக்காவும் எதிர்முனையில் நிற்கும் நெட்டை என்கிற இளைஞனும் பல வருடமாக இப்படித்தான் கூடைப்பந்துச் சண்டை போட்டுவந்தார்கள். விரிப்புக்கு ஒரு வாய்ப் பேச்சு.

"பிளேஆஃபுக்குன்னே செஞ்ச டீம்னா துறைமுகம்தான்டா. அஞ்சு பேரும் சிங்கம்."

உதறல். மடிப்பு.

"அஞ்சு சிங்கமும் சீசன் பூரா ஓடி நாக்குத் தள்ளிக் கெடக்குதுக்கா. ஆத்தங்கரையப் பாருங்க, பெஞ்சுலேருந்து மாத்து ஆளா எவன் எறங்கினாலும் ஆட்டம் தொய்யாது."

உதறல். மடிப்பு.

"பெஞ்சுல இருக்கிறவன் தண்ணி பாட்டில் நீட்டத்தான் லாயக்கு."

அக்காவுக்கு இந்த ஆட்டம் மகன் வழியாக வந்தது. பள்ளிக்கூடப் படியை அவள் மிதித்ததே அவனைச் சேர்க்கத்தான். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவன். சட்டம் போட்ட பட்டம் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் தொங்குகிறது. வந்தவர்கள் கவனிக்காவிட்டால் பகலிலும் விளக்கைப் போட்டுவிடுவாள். கல்லூரி அணியிலும் இருந்தான். ஆனால் அவள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்த ஆட்டங்களில் ஒன்றில்கூட அவனை இறக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, பெஞ்சில் இருந்த மகனின் முதுகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பெஞ்சு என்றாலே வேப்பங்காய்.

கோப்பை யாருக்கு என்று தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று தொடங்குமுன் சலவை அறையில் ஆளுக்கு ஓர் அணியைச் சொல்லிவிட வேண்டும். தோற்ற அணிக்காரர்கள் அடுத்த சீசன்வரை 'அடங்காப்பிடாரி' மடிக்க வேண்டும். ஓரமெல்லாம் எலாஸ்டிக் வைத்த விரிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் அது. எப்படி மடித்தாலும் உப்பிக்கொண்டு நிற்கும்.

இந்த வருடம் துறைமுகம் என்று சொன்ன கையோடு அக்காவின் வலது தோள் மக்கர் பண்ணியது. அறுவை சிகிச்சை முடிந்ததும், இரண்டு மாதம் கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பார்க்க வந்த மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வேலை தேங்குச்சுன்னா மேலேருந்து புது ஆள் போட்டுடுவாங்கம்மா. என் கையில இல்ல."

நெட்டை அடிக்கடி போன் செய்தான். ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. தன் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்க அவளுக்கும் நா எழவில்லை. துறைமுகம் கோப்பையைத் தூக்கியபோது மகன் துள்ளிக் குதித்தான். அவளோ காலண்டரைப் பார்த்தாள். வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது.

திரும்பிய அன்று அவள் முதலில் போனது அலமாரிப் பக்கம்தான். அவள் மடித்த விரிப்புகள் வார்த்தெடுத்தது போல ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். இப்போதோ ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்று செய்தித்தாள் மாதிரி நீளவாக்கில் இருந்தது. அது வாஷிங் மெஷின்காரர் கை. இன்னொன்றின் மடிப்பு விளிம்பு கத்தியாய் நின்றது, அது இஸ்திரி மேசைக்காரி கை. ஒன்று மட்டும் பாய் மாதிரி சுருட்டிக் கிடந்தது.

"இது யாரு செஞ்ச கூத்து?"

"சூப்பர்வைசர் சார்தான்க்கா," என்றான் நெட்டை. "ஆள் பத்தாத அன்னிக்கு டையத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. எல்லாரும் அவங்கவங்க வேலையை முடிச்சிட்டு, முறை வச்சு உங்க முனையைப் பிடிச்சோம். வேலை தேங்கல, புது ஆள் வேணாம்னு சார் மேல சொல்லிட்டாரு."

அக்கா அந்தச் சுருட்டலை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பெஞ்சுதான் பெருசுன்னு நீங்க ஒத்துக்கணுமே. தோள் வலியோட அந்த வலி வேறயான்னு விட்டுட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. மகனின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. முதுகைத்தானே பார்த்தோம், அந்தப் பக்கம் அவன் முகம் எப்படி இருந்திருக்கும், தன் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருப்பானோ என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

மூலையில் குவிந்திருந்த அடங்காப்பிடாரிகளில் ஒன்றை உருவினாள்.

"அது எங்க தலையெழுத்துக்கா. ஜெயிச்சது நீங்க."

"தெரியும். உன் ஆத்தங்கரைதான் அரையிறுதியிலயே மண்ணைக் கவ்வுச்சே. வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடி."

மெதுவாக இழுத்தார்கள். தோள் லேசாக முனகியது, ஆனால் தாங்கியது. மூலைகள் நெருங்கின. நெட்டை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த வருஷம்," என்றாள் அக்கா, "பெஞ்சு நல்லா இருக்கிற டீமா பாத்து எனக்கும் ஒண்ணு சொல்லுடா."

விரிப்பு வழக்கம்போல உப்பிக்கொண்டு நின்றது. இருவருமாக அதை அமுக்கி அலமாரியில் வைத்தார்கள்.